புளிக்காத வீடு

பாலுக்கு உறை ஊற்றி அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பால் இன்னும் பாலாகவே இருந்தது.

தபிதாள் சட்டியைச் சாய்த்தாள். கட்டியாகத் தளும்ப வேண்டியது தண்ணீராக ஓடிவந்து விளிம்பைத் தொட்டது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. வெளியே புரட்டாசிப் புழுக்கம். திருத்தணி மலை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலமானதும் ஊர்மேல் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் காலையில் கறந்த பாலைக் காய்ச்ச மறந்தால் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். இதுவோ அவள் தன் கையால் காய்ச்சி, ஆறவைத்து, பக்கத்து வீட்டு மோரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கி மூடிவைத்த பால்.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் வரவில்லை.

அரக்கோணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் சயன்ஸ் டீச்சர். தங்கை கிரேஸைத் திருத்தணியில் யோபுவுக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷமாகிறது. யோபுவுக்குச் சர்க்கார் உத்தியோகம். கிணறுகளுக்குச் சிவப்பு மருந்து கொட்டுவான். திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்குக் காலரா ஊசி போடுவான். ஊரில் அவனுக்கு ஊசி ஐயா என்று பெயர். இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு காலராவும் மலையேறி இறங்கியது. யுத்தச் செய்திக்கு நடுவில் அதுவும் ஒரு செய்தியாக அரக்கோணத்துக்கு வந்தது. பயந்துபோய் எழுதிக் கேட்டாள். எல்லோரும் சுகம் என்று யோபு கார்டு போட்டான். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கார்டு போட்டான். கிரேஸ் ஆடியிலிருந்து படுக்கையில் இருக்கிறாளாம். லீவு கிடைத்தால் வரலாமாம்.

இரண்டு மாதம். கூப்பிடு தூரத்தில், ஒரு ரயில் ஏறி இறங்கினால் வந்துவிடுகிற இடத்தில் அக்கா இருக்கிறாள். இரண்டு மாதம் இந்த மனிதன் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல்மாஸ் லீவு விட்ட அன்றே அவள் கிளம்பி வந்தாள். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. மறு கையில் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப், அதன் மரப்பெட்டியோடு. அடுத்த டெர்ம் பாடத்துக்குப் பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்கி வந்தது. வரும் வழியிலேயே ஒன்றைத் தீர்மானித்துவிட்டாள். கிரேஸை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதைச் செய்யாமல் அரக்கோணம் திரும்புவதில்லை.

"போலாங்க்கா" என்றான் யோபு. "கொஞ்சம் தேறட்டும்."

மறுநாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாளும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

ஓர் ஆண் பிள்ளையின் முன்னால் நின்று உரத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் கையிலிருக்கும் சாக்கட்டி நழுவிவிடும். தொண்டையில் வராதது கைக்குப் போய்விடும். இந்த வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை அவள் சாம்பல் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அடுப்படியே மஞ்சளாக மின்னியது.

மறுநாள் விடியலில் பால் ஊற்ற வந்த கௌரியம்மாளிடம் மெல்லச் சொன்னாள். "உங்க மோரு கெட்டுப்போச்சோ என்னமோ. பால் உறையவே இல்லிங்க."

கௌரியம்மாள் பக்கத்து வீடு. இரண்டு எருமை வைத்திருந்தாள். பால் ஊற்ற வந்தால் வாசற்படிக்கு வெளியே நின்றே ஊற்றுவாள். உள்ளே கால் வைத்ததில்லை. சொன்னதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எம் மோரா? இன்னா டீச்சரம்மா இப்பிடிச் சொல்லிப்புட்ட. இந்தத் தெருவுக்கே உறைமோரு நான்தான் குடுத்துகினு கீறேன். எம் மோரு பட்டா பச்சத்தண்ணியே உறையும். உன் கைராசி அப்பிடி."

"என் கையில என்ன."

"எழுத்து எழுதுற கைதான. பாலு பயந்துக்கும்." சிரித்துக்கொண்டே போனவள் திரும்பி வந்தாள். கையில் மண்சட்டி. அதே பால், அதே மோர், அதே நாள் உறை ஊற்றியது. கத்தியால் அறுக்கலாம் போல இருந்தது தயிர். மூன்று நாள் ஆனதால் மூக்கைச் சுளிக்க வைக்கும் புளிப்பு வாடை. தபிதாளுக்கு ஏனோ அந்த வாடையை இழுத்து இழுத்து மோக்க வேண்டும் போல இருந்தது. வந்த நாளிலிருந்து அவள் மோந்த முதல் வாடை அதுதான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது.

கிரேஸ் பின்னறையில் படுத்திருந்தாள். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது யோபுவின் உத்தரவு. ஓட்டுச் சந்தில் விழுந்த ஒரு துண்டு வெளிச்சத்தில் கட்டிலும், மூலையில் மண்பானையும், ஆணியில் தொங்கும் அவளுடைய மஞ்சள் சேலையும் தெரிந்தன. இரண்டு மாதம் ஒருத்தி படுத்துக்கிடக்கும் அறை. வியர்வை இருக்க வேண்டும், சிக்குப் பிடித்த தலையின் எண்ணெய் வாடை இருக்க வேண்டும், மூத்திரமும் மருந்தும் கலந்த அந்த நெடி இருக்க வேண்டும். எதுவும் இல்லை. போர்வை, கடையில் மடிப்புப் பிரிக்காத துணி மாதிரி இருந்தது. தங்கையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துப் பார்த்தாள். காற்றை மோந்தது போல இருந்தது.

"என்னக்கா மோந்து பாக்குற? குழந்தையா நானு?" என்று கேட்டுச் சிரித்தாள் கிரேஸ்.

"முதுகைத் திரும்பு, பாப்போம்."

முதுகில் புண் இல்லை. ஒரு சிவப்புகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தொட்ட கையைத் தபிதாள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். நிழலில் வைத்த பானையின் குளிர்ச்சி.

பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துவந்து தங்கையின் நாக்கடியில் வைத்தாள். பாதரசம் முதல் கோட்டுக்குக்கூட ஏறவில்லை. உதறித் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். சரியாகக் காட்டியது. மறுபடி கிரேஸ் வாயில் வைத்தாள். குமிழை விட்டு அது கிளம்பவே இல்லை. யுத்த காலத்துச் சரக்கு, நினைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் இல்லை என்று கோபத்தோடு அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலக்கா" என்றாள் கிரேஸ். "பசியும் இல்ல. அவரு குடின்னா குடிக்கிறேன். நீ என்ன சமைக்கிறன்னு கூடத் தெரியல. முன்னல்லாம் தாளிக்கிற வாசனையிலயே சொல்லிடுவேன், இல்ல?"

"சொல்லுவ. சொல்லிட்டு வந்து தட்டு முன்னாடி உக்காந்துக்குவ."

"டீச்சரம்மா முதல்ல கைய கழுவச் சொல்லுவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அச்சு அசலாகத் தங்கையுடையதுதான். அதனால்தான் அன்று மத்தியானம் கண்ணில் பட்டதை மனசுக்குள் விடாமல் தள்ளிவைக்கத் தபிதாளால் முடிந்தது.

கட்டிலடியில் இருந்த பேசினை எடுத்துக் கொட்டப் போனாள். வெள்ளையாக, அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. காலராவின் பேதி அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறாள். குனிந்து பார்த்தாள். வாடை இல்லை. அது பேதி இல்லை. காலையில் அவள் புகட்டிய கஞ்சி. நொய் நொய்யாக, உப்போடு, அவள் கிள்ளிப் போட்ட சீரகம் மிதக்க, வாய் வழியாகப் போனது அப்படியே வந்திருந்தது.

அவள் பாடம் நடத்தும்போது முதல் நாளே பெண்களுக்குச் சொல்வாள். கிருமி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ராஜ்யங்களைக் கவிழ்த்தவை அவைதான். பட்டாளம் பட்டாளமாகக் காய்ச்சலில் சாய்த்தவை அவைதான். ஆனால் மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும், நம் வயிற்றில் இருந்துகொண்டு நாம் தின்பதில் தங்கள் பங்கை வேலை செய்து கொடுப்பதும் அவைதான். ஹாலந்து தேசத்தில் ஒரு துணி வியாபாரி தன் பல்லைச் சுரண்டி ஒரு கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்த அன்றுதான், மனுஷன் தன் வீட்டில் தான் தனியாகக் குடியிருக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டான். போன வருஷம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். அதெல்லாம் இல்லாமலே போயிட்டா என்ன ஆகும் டீச்சர்? தபிதாள் யோசிக்காமல் பதில் சொன்னாள். ஆதாம் காலத்திலிருந்து செத்ததெல்லாம் செத்த இடத்திலேயே, செத்தபடியே கிடக்கும், காலெடுத்து வைக்க இடமிருக்காது. வகுப்பே சிரித்தது.

பேசினைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். யோபு வீடு முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருப்பான், அதனால்தான் எதுவும் புளிக்கவில்லை, வாடையும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிளீச்சிங் பவுடருக்கும் ஒரு வாடை உண்டு என்று உடனே நினைவு வந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

கோபத்துக்கு அதைவிடப் பெரிய காரணத்தை அடுத்த நாள் கௌரியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள், அது என்னவென்று தெரியாமலே.

"ஆடியில எங்க தெருவுல மட்டும் ஆறு பேரு" என்றாள், பாலை அளந்துகொண்டே. "எம் பெரிய பொண்ணு புருஷன், சுப்பன், அவனும் பூட்டான். காலையில காவடிகூட ஏறுனான். சாயங்காலம் கண்ணு உள்ள பூடுச்சி. இன்னா பண்றது. ஊசி ஐயா இல்லாங்காட்டி இன்னும் எத்தினி பேரு பூட்டிருப்பானுங்களோ."

"உங்க மருமகனுக்கு ஊசி போடலிங்களா?"

"போட்டாரே. எல்லாருக்கும் போட்டாரு. உன் தங்கச்சி புருஷன் கை கீதே, பூவும்மா. மத்த வருசம்லாம் ஊசி போட்டா ரெண்டு நாளு கை தூக்க முடியாது. வீங்கிப் பூடும், காய்ச்ச வரும். எருமைக்குத் தண்ணி காட்ட மாட்டாம நான் அழுதிருக்கேன். இந்த வருசம் எறும்பு கடிச்சாப்புலகூட இல்ல. ஒர்த்தருக்கும் இல்ல. கைய வீசிகினு போனோம்."

தபிதாள் பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

காலரா ஊசியில் இருப்பது செத்த கிருமி. கோடிக்கணக்கில். உடம்பு அதைப் பார்த்துச் சண்டைக்குக் கிளம்புவதுதான் வீக்கம், அதுதான் காய்ச்சல். ஒருத்தர் கைகூட வீங்கவில்லை என்றால் அந்த ஊசியில் கிருமி இல்லை. கிருமி இல்லை என்றால் அதில் இருந்தது தண்ணீர்.

"இன்னா டீச்சரம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சி?"

"ஒண்ணும் இல்லிங்க."

புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் தாய் எதிரே நின்று அந்தக் கையைப் பூ என்கிறாள். தபிதாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள்.

அன்று சாயங்காலம் யோபு வந்ததும் கேட்டுவிடத்தான் இருந்தாள். அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, கால் கழுவி, நேரே பின்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்தான். உள்ளே கட்டிலோரம் முழங்கால் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. தினமும் இந்த நேரத்துக்கு அவன் ஜெபம் பண்ணுவான் என்று கிரேஸ் சொல்லியிருந்தாள். ஒரே வரிதான் என்றும் சொல்லியிருந்தாள். தபிதாள் கதவருகே நின்றாள்.

"எதுவும் இவளைத் தொடக் கூடாது, ஆண்டவரே. எதுவும் இவளைத் தொடக் கூடாது. எதுவும்."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. காவல்காரன் குரல். ஒரு நிமிஷம் அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின்மேல் உடனே எரிச்சலும் வந்தது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே அடுப்படிக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு வீடு அவளைத் தூங்க விடவில்லை. சத்தம் எதுவும் கேட்டதால் இல்லை. ரேஷனில் வாங்கிய கண்ட்ரோல் அரிசியை ஊறவைத்து அரைத்த இட்லி மாவு, அரைத்த அன்று எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்திலேயே, ஒரு குமிழ்கூட விடாமல், சுண்ணாம்பு கரைத்து ஊற்றியது போல அண்டாவில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறச் சந்தில் சாக்கடையோரம் கொட்டினாள். அண்டாவைக் கழுவி நிமிர்வதற்குள் பின்னால் புஸ் என்று சத்தம் கேட்டது. மாவு பொங்கிக்கொண்டிருந்தது. நுரைத்து, குமிழ்விட்டு, உடைந்து, மறுபடி பொங்கி, நாலைந்து நாள் புளிப்பு முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து அவள் மூக்கில் அறைந்தது. சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது.

அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஓர் எலி கிடந்தது. தூங்குவது போல. அதன்மேல் ஒட்டடை கட்டியிருந்தது; கிடந்து நாளாகியிருக்க வேண்டும். ஆனால் மயிர் உதிரவில்லை. வயிறு மெத்தென்று இருந்தது. ஒரு காகிதத்தில் வாரி எடுத்துச் சந்தில் போட்டாள். கைகழுவத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். ஈரத்துணி கீழே விழுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள்.

மயிரும் எலும்பும். நடுவில் கறுப்பாய் ஒரு கசிவு.

வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டாள். வெயில் இறங்கி வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பை எடுத்தாள். சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்கு அதன் கண்ணாடியைத் திருப்பினாள். முதலில் பானைத் தண்ணீர். ஒன்றும் இல்லை. தொட்டித் தண்ணீர். ஒன்றும் இல்லை. அந்தத் தொட்டிக்குள் பாசியே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தாள். உறை ஊற்றிய பால். கொழுப்புத் துளிகள் மட்டும் அசையாமல் நின்றன. கடைசியில் ஒரு குச்சியால் தன் பல்லிடுக்கைச் சுரண்டினாள். சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே மூடிவைத்துப் பார்த்தாள்.

எப்போதும் அங்கே ஒரு சந்தை நடக்கும். கோலாக, உருண்டையாக, சுருளாக. ஓடும். துள்ளும். முட்டிக்கொள்ளும். பெண்கள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

சந்தை காலியாக இருந்தது.

மறுபடி சுரண்டினாள். நாக்கு. ஈறு. கன்னத்தின் உட்புறம். வெறும் தோல் செதில். வேறொன்றும் இல்லை. அவள் வாயில் அவள் தனியாக இருந்தாள்.

பெட்டியோடு மைக்ராஸ்கோப்பை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். கௌரியம்மாள் வீட்டு எருமைக் கொட்டகையில், சாணமும் மூத்திரமும் வைக்கோலும் மணக்கும் வெயிலில், ஒரு தொட்டிக்கல் மேல் வைத்துத் திரும்பவும் பல்லைச் சுரண்டிப் பார்த்தாள். முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ நீந்தி வந்தன. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"காலங்காத்தால பல்லுல இன்னா தேடிகினு கீற?" என்று கௌரியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அய்ய. ஓடுது."

"உசுருங்க அதெல்லாம்."

"எம் மாமியா நாக்குல பாத்தா பாம்பே தெரியும், போ." கௌரியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. உங்க வூட்டு வாசல்ல நின்னா எனக்கு ஒரு மாதிரியா கீது. ஈ கூட அங்க வர்ல பாத்தியா? தங்கச்சிய இட்டுகினு போயிடு."

அதுதான். அவ்வளவுதான். சயன்ஸ் படித்தவள் அதையே வேறு வழியில் கண்டுபிடித்திருந்தாள். வீட்டுக்குள் உயிரில்லை. வெளியே வந்ததும் உயிர் திரும்புகிறது. தனக்குத் திரும்பியது. அப்படியானால் தங்கைக்கும் திரும்பும். அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும். பசி திரும்பும், சூடு திரும்பும், தாளிக்கிற வாசனை திரும்பும். எலியை அவள் நினைக்கவில்லை. நினைக்க மறுத்தாள்.

தெருமுனையில் ஜட்கா வண்டி வைத்திருந்த பங்காருவுக்குச் சொல்லி அனுப்பினாள். யோபு கிணறு பார்க்கப் போயிருந்தான். மத்தியான ரயிலைப் பிடித்து அரக்கோணம், அங்கிருந்து காட்பாடி, வேலூர். டிரங்குப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுந்திரு கிரேஸ்."

"எங்கக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அவரு வரட்டுமே."

"வேணாம்."

கிரேஸ் எழுந்தாள். எழுந்த விதம் தபிதாளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் படுத்தவள் தள்ளாட வேண்டும், தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடிக்க வேண்டும். சுருட்டி வைத்த பாயை நிமிர்த்தியது போல நேராக எழுந்து நின்றாள். தபிதாள் மஞ்சள் சேலையை அவளுக்குச் சுற்றிவிட்டு, தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டாள். பாரமே இல்லை. குளிர்ச்சி மட்டும் ரவிக்கையைத் தாண்டி வந்தது.

கூடம். நடை. வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே வெயில், வெயிலில் குதிரை, குதிரைக்கு அப்பால் மலை. குதிரை காதுகளை விறைத்துக்கொண்டு வாசலையே பார்த்தது. பங்காரு கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. யோபு படிக்குக் கீழே வந்து நின்றான். தொப்பி இல்லை. மூச்சு வாங்கியது.

"அக்கா, உள்ள கூட்டிட்டுப் போங்க."

"வழி விடுங்க."

"உள்ள போங்கக்கா. நான் சொல்றேன். உள்ள வந்து எல்லாம் சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க." அது தன் குரல்தானா என்று தபிதாளுக்கே தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. கௌரியம்மாள் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "ஊசியில தண்ணி போட்டீங்களே, அத சொல்லுங்க. ஒருத்தருக்கும் கை வீங்கலியாம். உங்க கை பூவாம். இந்தம்மா மருமகன் செத்தும் உங்களக் கும்பிட்டுகிட்டு இருக்காங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க."

யோபு கௌரியம்மாள் பக்கம் திரும்பவில்லை.

"மருந்து வரலக்கா. பாதி பாட்டில்தான் வந்தது. ஊசி போடாம ஒருத்தரையும் மலையேற விடாதன்னு உத்தரவு. பின்னாடி ஆயிரக்கணக்கா ஜனம் காவடியோட நெருக்குது. மொதல்ல கலந்தேன். அப்புறம் கலக்கறதுக்கும் இல்ல." நெற்றியைத் துடைத்தான். "காய்ச்சி ஆறின தண்ணிக்கா. சுத்தமான தண்ணி. ஒரு கிருமி கிடையாது அதுல."

"இவளுக்கு?"

அவன் கிரேஸின் கையைப் பார்த்தான்.

"இவளுக்கு என்ன போட்டீங்க?"

"அதேதான்."

தெருவில் கௌரியம்மாள் என்னவோ கேட்டாள். பங்காரு என்னவோ சொன்னான். தபிதாள் காதில் விழவில்லை. தோளில் சாய்ந்திருந்த கிரேஸ் மெல்லப் பேசினாள். "எனக்கும் கை வலிக்கவே இல்லக்கா. நல்லா போட்டீங்கன்னு நான்கூட சொன்னேன், இல்லீங்க?"

யோபுவின் முகம் கோணியது.

தபிதாளின் கோபம் இப்போது அவளைவிடப் பெரியதாக இருந்தது. அது அவள் கைக்குப் போகவில்லை. காலுக்குப் போனது. அவள் படியை நோக்கி நடந்தாள்.

"இன்னும் என்ன மறைச்சு வச்சிருக்கீங்க? ரெண்டு மாசம் இவள ரூம்ல போட்டுப் பூட்டினீங்க. ஜன்னலக்கூட தொறக்கல. ஏன்? ஊர் கேக்கும்னுதானே? இவ காதுபட சொல்லுங்க."

"அக்கா, கேக்காதீங்க."

"சொல்லுங்க."

"இவகிட்ட நான் சொன்னதே இல்லக்கா. இவளுக்கே தெரியாது."

"சொல்லுங்க."

அவன் முழங்காலிட்டான். கிரேஸைத் தொடாமல், இரண்டு கையையும் படிக்கு மேலே, கதவு போல விரித்து வைத்துக்கொண்டான். தபிதாள் நிற்கவில்லை. கிரேஸும் நிற்கவில்லை.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு சாயங்காலமே இவ செத்துட்டாக்கா" என்றான் யோபு. "நான்தான் கண்ண மூடினேன். அன்னிக்கு ராத்திரிதான் அந்த ஜெபத்த ஆரம்பிச்சேன்."

தோளில் இருந்த தலை நிமிர்ந்தது.

"நானா?" என்று கேட்டாள் கிரேஸ்.

அவளுடைய வலது கால் அதற்குள் வாசற்படியைத் தாண்டி, வெளியே, வெயிலில் இருந்தது.